பிரிட்டன் பல்கலைக்கழக மலையேற்ற மன்றத்தில் சேர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், பிரிட்டனுக்கு மேற்படிப்புக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளிடமிருந்து எனக்குச் செய்திகள் வர ஆரம்பித்துவிடும். குக்கர் எடுத்துப் போகலாமா, பகுதிநேர வேலை கிடைக்குமா என்பதற்கெல்லாம் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மலையேற்ற மன்றத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவுதான். ஆனால் கேட்கிற அத்தனை பேரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

இது சுற்றுலா அழைத்துப் போகும் அமைப்பா?

இல்லை. இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும். பிரிட்டனில் பல்கலைக்கழக மலையேற்ற மன்றங்களை மாணவர்களே நடத்துகிறார்கள். தலைவர், பொருளாளர், பயணங்களை ஏற்பாடு செய்பவர், கயிறுகளையும் கருவிகளையும் பாதுகாப்பவர் என்று எல்லாரும் உங்களைப் போலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள். ஆண்டுக்கொரு முறை தேர்தல் நடக்கும். சம்பளம் வாங்கும் வழிகாட்டி யாரும் வழக்கமாக உடன் வருவதில்லை. வேன் ஓட்டுவதும், ஏறுகிறவர் விழாமல் கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுப்பதும், ராத்திரி முப்பது பேருக்குச் சமைப்பதும் அவர்கள்தான். "காசு கொடுத்துவிட்டேன், கூட்டிக்கொண்டு போ" என்ற எண்ணத்தோடு வருகிறவர் இரண்டாவது பயணத்துக்குள் காணாமல் போய்விடுவார்.

இந்த மன்றங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. கேம்பிரிட்ஜ் மன்றம் 1905இலும் ஆக்ஸ்ஃபோர்ட் மன்றம் 1909இலும் தொடங்கப்பட்டவை. 1924இல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மல்லோரி கேம்பிரிட்ஜில் படித்தவர். அவருடன் கடைசியாக ஏறிய ஆண்ட்ரூ இர்வினோ ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர், அப்போது வயது 22. இதைக் கேட்டு மிரள வேண்டாம். இன்றைய மன்றங்களில் அதிகம் விவாதிக்கப்படுவது, சனிக்கிழமை மழை பெய்யுமா, பெய்தால் எந்த ஊர் டீக்கடையில் ஒதுங்குவது என்பதுதான்.

வாரத்தில் என்னதான் நடக்கும்?

வார நாட்களில் ஓரிரு மாலைகள் ஊருக்குள் இருக்கும் உள்ளரங்கச் சுவரில் பயிற்சி. செயற்கைப் பிடிகள் பொருத்திய இந்தச் சுவர்களின் தொடக்கமே ஒரு பல்கலைக்கழகத்தில்தான். 1964இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி விரிவுரையாளராக இருந்த டான் ராபின்சன், நடைபாதைச் சுவரில் கற்களைப் பதித்து மாணவர்களை ஏறவைத்தார். குளிர்காலத்தில் வெளியே போக முடியாதவர்கள் விரல் வலுவைக் காப்பாற்றிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

வார இறுதிப் பயணங்கள்தான் மன்றத்தின் உயிர். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வேன் கிளம்பும், நள்ளிரவு வாக்கில் ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் தங்குகுடிலைச் சேரும், ஞாயிறு இரவு திரும்பும். பீக் டிஸ்ட்ரிக்டில் ஸ்டானேஜ் பாறைமுகடு, வடக்கு வேல்ஸில் லான்பெரிஸும் ஆக்வென் பள்ளத்தாக்கும், லேக் டிஸ்ட்ரிக்டில் லாங்டேல், ஸ்காட்லாந்தில் கிளென்கோ என்று இடங்கள் மாறிக்கொண்டே இருக்கும். பாறை ஏற விருப்பமில்லாதவர்கள் அதே வேனில் வந்து நாள் முழுக்க மலை நடக்கலாம். சில பல்கலைக்கழகங்களில் நடைப்பயணத்துக்கும் குகைப்பயணத்துக்கும் தனித்தனி மன்றங்கள் உண்டு.

எனக்கு எந்த அனுபவமும் கிடையாது. உடலும் அப்படியொன்றும் வலுவில்லை. சேரலாமா?

முதல் பருவத்தில் புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் கயிற்றைக் கையால் தொட்டுப் பார்க்காதவர்கள்தான். அவர்களுக்காகவே அக்டோபரில் அறிமுக வகுப்புகளும் தொடக்கநிலைப் பயணமும் இருக்கும்.

உடல் வலு பற்றிய கவலைக்கு ஒரு உள்ளூர் அளவுகோல் சொல்கிறேன். வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ஏறி இறங்கி மறுநாள் வேலைக்குப் போனவர் என்றால், வேல்ஸில் எந்த மலை நடையையும் சமாளித்துவிடுவீர்கள். பாறையேற்றத்தில் கை வலுவைவிடக் கால் வைக்கும் விதம் முக்கியம். முதல் மாலை ஜிம்மில் வளர்த்த தோள்களோடு வந்தவர் பத்தே நிமிடத்தில் முன்கை வீங்கி உட்கார்ந்திருப்பார். பரதநாட்டியம் பயின்ற பெண் கால்விரல் நுனியில் நின்று அமைதியாக மேலே போய்விடுவாள்.

எப்போது சேர வேண்டும்?

செப்டம்பர் கடைசியில் புதுமுக வாரம் என்ற ஒன்று நடக்கும். எல்லா மன்றங்களும் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும். அங்கேயே பெயரைக் கொடுங்கள். முதுகலைப் படிப்பு பெரும்பாலும் ஒரே ஆண்டு என்பதால் இதில் அவசரம் உண்டு. முதலில் படிப்பு நிலைபெறட்டும், ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்மவர்கள் தள்ளிப்போடுவார்கள். ஜனவரிக்குள் அக்டோபரில் சேர்ந்தவர்கள் கயிறு கட்டி ஏற ஜோடி சேர்ந்துவிடுவார்கள், தொடக்கநிலை வகுப்புகள் முடிந்துவிடும், கோடை வந்தால் ஆய்வேடு கழுத்தைப் பிடிக்கும்.

இன்னொன்று. பயணங்களுக்குப் பெயர் பதிவு செய்யும் பட்டியல் குறிப்பிட்ட நேரத்தில் திறக்கும், சில நிமிடங்களில் நிரம்பிவிடும். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகிய கைகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

எவ்வளவு செலவாகும்?

ஆண்டுச் சந்தா மன்றத்துக்கு மன்றம் மாறும். மாணவர் சங்கத்துக்கோ விளையாட்டுப் பிரிவுக்கோ தனியாக ஒரு கட்டணம் இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் வேன், தங்குகுடில், சனி இரவுச் சாப்பாடு சேர்த்து ஒரு தொகை வாங்குவார்கள். லாபம் பார்க்கிறவர் யாரும் இல்லாததால் தனியாக அறை எடுத்து ரயிலில் போவதைவிட இது மிக மலிவாகவே முடியும். பணம் இடிக்கிறது என்றால் பொருளாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். உதவி நிதி வைத்திருக்கும் மன்றங்கள் இருக்கின்றன, கேட்பதற்குத்தான் ஆளில்லை.

ஊரிலிருந்து என்னென்ன வாங்கிப் போக வேண்டும்?

எதுவும் வேண்டாம். ஹார்னஸ் (கயிறு கட்டுவதற்காக இடுப்பிலும் தொடைகளிலும் மாட்டும் பட்டை), ஹெல்மெட், கயிறு எல்லாம் மன்றத்துக் கிடங்கில் இருக்கும். ஷூ உள்ளரங்கச் சுவரிலேயே வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு மாதம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் முதலில் பாறையேற்ற ஷூவை வாங்குங்கள். அதன் பிறகுதான் ஹார்னஸ், கயிறு பிடிக்கும் கருவி. ஷூவைப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கால்விரல்கள் லேசாக மடங்கி நிற்க வேண்டும், ஆனால் கண்ணில் நீர் வரக் கூடாது. பழைய கயிறும் பழைய ஹார்னஸும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் முன்பின் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். அவற்றின் வரலாறு வெளியே தெரியாது.

நடைக்கான உடைதான் உண்மையான செலவு. பருத்தி ஆகாது. ஜீன்ஸ் சுத்தமாக ஆகாது. நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், காயவும் காயாது. உள்ளே பாலியஸ்டர் அல்லது கம்பளி பனியன், அதன் மேல் ஃபிளீஸ் என்னும் கதகதப்பான செயற்கைத் துணிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் மழையும் காற்றும் நுழையாத சட்டையும் கால்சட்டையும். தொப்பி, கையுறை, தலையில் மாட்டும் டார்ச் ஆகியவற்றுக்கு விலக்கே கிடையாது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மழைச் சட்டையைச் சில மன்றங்கள் கடனாகவும் தரும்.

ஊட்டியைவிடச் சின்ன மலைகள்தானே? இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

எண்ணை மட்டும் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். வேல்ஸின் உயரமான ஸ்னோடன் 1085 மீட்டர், இங்கிலாந்தின் ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர், பிரிட்டன் முழுவதற்கும் உயரமான பென் நெவிஸ் 1345 மீட்டர். நம் தொட்டபெட்டா 2637 மீட்டர். ஆனால் தொட்டபெட்டா உச்சிவரை ஜீப்பில் போய் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுத் திரும்புகிறோம். பென் நெவிஸில் நடை தொடங்கும் இடம் கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனவே அந்த 1345இல் ஏறக்குறைய முழுவதையும் காலால்தான் ஏற வேண்டும்.

மற்றது அட்சரேகை. தொட்டபெட்டா இருப்பது 11 டிகிரியில், ஸ்னோடன் 53 டிகிரியில், பென் நெவிஸ் ஏறக்குறைய 57 டிகிரியில். அட்லாண்டிக்கிலிருந்து வரும் காற்றுக்குக் குறுக்கே நிற்பவை இந்த மலைகள். மழை மேலிருந்து கீழே விழாது, பக்கவாட்டில் வந்து முகத்தில் அறையும். வெப்பநிலை ஐந்து டிகிரி என்று செல்பேசி காட்டும்போது, நனைந்த உடையோடு முகட்டில் காற்றில் நிற்பவருக்கு உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். பேச்சுக் குழறுகிறது, தடுமாறுகிறார், "எனக்கு ஒன்றுமில்லை" என்று எரிந்துவிழுகிறார் என்றால் அதுதான் அறிகுறி. மூடுபனியில் முன்னால் போகிறவர் முதுகே தெரியாது. அதனால்தான் செல்பேசி வரைபடம் இருந்தாலும் காகித வரைபடமும் திசைகாட்டியும் பயன்படுத்தக் கற்றுத்தருகிறார்கள். குளிரில் செல்பேசி பேட்டரி எப்போது படுக்கும் என்று சொல்ல முடியாது.

உயரம் என்றாலே பயம். கயிறு என்னைத் தாங்குமா?

கயிறு தாங்கும். கேள்வி, அதைச் சரியாகக் கட்டினீர்களா என்பதுதான். முதல் மாலையே கற்றுத்தரும் விஷயம் இது. ஹார்னஸின் முன்பக்கம், இடுப்பில் ஒன்றும் கால்பட்டைகள் சேரும் இடத்தில் ஒன்றுமாக இரண்டு வளையங்கள் இருக்கும். கயிற்றில் முதலில் ஒரு எட்டு வடிவ முடிச்சு போட வேண்டும். நுனியை அந்த இரண்டு வளையங்களுக்குள்ளும் நுழைத்து, போட்ட எட்டின் தடத்தையே பின்தொடர்ந்து திரும்பக் கொண்டுவர வேண்டும். சரியாக வந்திருந்தால் முடிச்சின் மேல் ஜோடி ஜோடியாக ஐந்து கோடுகள் தெரியும். எண்ணிப் பாருங்கள். மிச்ச நுனியில் ஒரு காவல் முடிச்சு.

அதோடு முடியவில்லை. ஏறுகிறவர் கயிறு பிடிப்பவரைச் சோதிக்க வேண்டும், பிடிப்பவர் ஏறுகிறவரைச் சோதிக்க வேண்டும். பக்கிள் இறுகியிருக்கிறதா, முடிச்சு சரியா, கருவியில் கயிறு சரியான பக்கம் போகிறதா, கேரபைனர் என்னும் உலோகக் கொக்கி பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் கையாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். முப்பது ஆண்டு ஏறியவரும் இதைச் செய்கிறார். பேச்சு சுவாரசியத்தில் பாதி முடிச்சோடு எழுந்து போகிறவர்கள் பெரும்பாலும் அனுபவசாலிகள்தான் என்பது எல்லா மன்றங்களிலும் சொல்லப்படும் எச்சரிக்கை.

மேலிருந்து கயிறு வரும் அமைப்பில் கை நழுவினால் கயிறு இழுபடும் அளவுக்குச் சற்றே இறங்கித் தொங்குவீர்கள், அவ்வளவுதான். பயம் போய்விடுமா என்று கேட்டால், என் அனுபவத்தில் போகாது. ஆனால் முடிச்சையும் பிடிப்பவரையும் நம்பத் தொடங்கியதும் அது வேலைக்கு இடையூறு செய்யாமல் ஓரமாக உட்கார்ந்துகொள்ளும்.

பாறையில் ஒருவருக்கொருவர் கத்திக்கொள்கிறார்களே, என்ன அது?

வெளிப் பாறையில் ஏறும்போது ஒரு கட்டத்துக்கு மேல் இருவருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. எனவே சொற்கள் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டவை. முதலில் ஏறியவர் மேலே போய்த் தன்னைப் பாறையோடு கட்டிக்கொண்டதும் "சேஃப்!" என்பார். கீழே இருப்பவர் கருவியிலிருந்து கயிற்றைக் கழற்றிவிட்டு "ஆஃப் பிலே!" (கயிறு இனி என் பிடியில் இல்லை) என்பார். மேலே இருப்பவர் மிச்சக் கயிற்றை இழுப்பார். அது கீழே இருப்பவரின் இடுப்பில் வந்து இறுகியதும் "தட்ஸ் மீ!" என்று குரல் போகும். மேலே கயிற்றைக் கருவியில் மாட்டிய பிறகு "க்ளைம்ப் வென் ரெடி!" என்று பதில் வரும். "க்ளைம்பிங்!" என்று சொல்லிவிட்டு, மேலிருந்து "ஓகே!" கேட்ட பிறகே கீழே இருப்பவர் பாறையில் கை வைப்பார். இடையில் ஒரு சொல் காதில் விழவில்லை என்றால் காத்திருக்க வேண்டும், ஊகிக்கக் கூடாது.

கயிறு தொய்வாக இருந்தால் "டேக் இன்" என்று மட்டும் சொல்லுங்கள். "ஸ்லாக்" (தொய்வு) என்ற சொல்லை அதோடு சேர்க்காதீர்கள். காற்றில் அந்த ஒரு சொல் மட்டும் கேட்டால் மேலே இருப்பவர் கயிற்றை இழுப்பதற்குப் பதில் இன்னும் விட்டுவிடுவார்.

ஸ்டானேஜ் போன்ற இடத்தில் பக்கத்தில் பத்து ஜோடிகள் ஏறிக்கொண்டிருக்கும். அழைப்போடு பெயரையும் சேர்க்க வேண்டும். இரண்டு அசைக்குள் அடங்கும் பெயர் ஒன்றை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெங்கடசுப்பிரமணியன் என்பது காற்றில் எடுபடாது.

வழித்தடங்களின் தரவரிசை தலைகீழாக இருக்கிறதே?

பிரிட்டனின் பாரம்பரிய வரிசை மாடரேட், டிஃபிகல்ட், வெரி டிஃபிகல்ட், சிவியர், ஹார்ட் சிவியர், வெரி சிவியர், ஹார்ட் வெரி சிவியர் என்று போய் அதன் பின் ஈ1, ஈ2 என்று நீளும். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். டிஃபிகல்டும் வெரி டிஃபிகல்டும் தொடக்கநிலையினர் ஏறுபவை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கனவான்களுக்குக் கடினமாக இருந்ததற்கு அந்தப் பெயர் வைத்தார்கள், பின்னால் வந்தவர்கள் அதற்கும் மேலே ஏறிப் பெயர்களை அடுக்கிக்கொண்டே போனார்கள். உள்ளரங்கச் சுவரில் வேறு எண்முறை. இரண்டையும் ஒப்பிட்டு, சுவரில் ஏறிய எண்ணை நம்பி வெளியே போகாதீர்கள். வெளிப் பாறையில் பாதுகாப்புக் கருவிகளைப் பாறை வெடிப்புகளில் நீங்களே பொருத்திக்கொண்டு ஏற வேண்டும்.

விபத்து நடக்காதா? நடந்தால் யார் வருவார்கள்?

நடக்கும். மலையேறுகிறவர்களின் அமைப்பான பிரிட்டிஷ் மலையேற்றக் கவுன்சில் தன் அறிவிப்பிலேயே, இந்தச் செயல்களில் காயத்துக்கும் மரணத்துக்கும் வாய்ப்பு உண்டு, பங்கேற்பவர்கள் அதை அறிந்து ஏற்றுத் தங்கள் செயலுக்குத் தாங்களே பொறுப்பேற்க வேண்டும் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. சேரும்போது அந்த வாசகத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்குக் கற்றுத்தருகிற மாணவருக்கும் இருபது வயதுதான். அவர் சொல்வது புரியவில்லை என்றால் மறுபடி கேட்கவும், மனம் ஒப்பாத இடத்தில் "நான் வரவில்லை" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அப்படிச் சொல்கிறவரைக் கேலி செய்யும் மன்றமாக இருந்தால் அங்கிருந்து விலகிவிடுங்கள்.

மலையில் அவசரம் என்றால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேட்க வேண்டும். நேராக ஆம்புலன்ஸ் கேட்பதுதான் பலரும் செய்வது. அதனால் நேரம் வீணாகும். 999 எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியும் உண்டு, ஆனால் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். "ரெஜிஸ்டர்" என்ற ஆங்கிலச் சொல்லை அந்த எண்ணுக்கு அனுப்பி, வரும் பதிலைப் பின்பற்றினால் போதும். சிக்னலே இல்லை என்றால் விசில். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். மூன்று ஒலி திரும்ப வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள்.

வருகிறவர்கள் தன்னார்வலர்கள். ஊரில் ஆசிரியராகவும் தச்சராகவும் வேலை பார்ப்பவர்கள் நள்ளிரவில் எழுந்து மழையில் ஏறி வருவார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. மாணவர் விசாவில் இருப்பவர் ஏற்கெனவே மருத்துவக் கூடுதல் கட்டணம் செலுத்தியிருப்பதால் அரசு மருத்துவமனைச் சிகிச்சையும் கிடைக்கும். கவுன்சிலோடு இணைந்த மன்றம் என்றால், உங்களால் இன்னொருவருக்கு ஏற்படும் பாதிப்புக்குக் காப்பீடு உண்டு. உங்களுக்கே ஏற்படும் காயத்துக்கு என்ன கிடைக்கும் என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். என்ன சொல்வது?

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குப் போனவர்கள் இறந்ததை நம் வீடுகள் மறக்கவில்லை. அந்தப் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். பொய் சொல்லிவிட்டுப் போவதும் சரிவராது. எந்த மலை, யாருடன், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை மன்றத்தில் ஒருவரிடம் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள், அது உண்மையும்கூட. ஹெல்மெட் போட்ட படத்தை அனுப்புங்கள். பாறை விளிம்பில் நிற்கும் படத்தைக் குடும்பக் குழுவில் போடுவது உங்கள் விருப்பம். பெரியப்பா பதில்களுக்கு நான் பொறுப்பல்ல.

பெண்கள் சேர்வது எப்படி இருக்கும்?

பெண்கள் தலைவர்களாக இருக்கும் மன்றங்கள் சாதாரணம். பெண்களுக்கென்று தனி மாலைகளும் பல இடங்களில் உண்டு. முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது தங்குமிடம் பற்றி. குடில்களில் பெரும்பாலும் நீளமான படுக்கை மேடையில் எல்லாரும் வரிசையாகத் தத்தம் உறக்கப்பைக்குள் படுப்பார்கள், ஆண் பெண் பிரிவு இருக்காது. ஒப்பவில்லை என்றால் பயண ஏற்பாட்டாளரிடம் முதலிலேயே கேளுங்கள். தனி அறை உள்ள குடில்களும் இருக்கின்றன, கூடாரமும் போடலாம்.

யாரும் கேட்கத் தயங்குவது கழிப்பறை. மலையில் கிடையாது. நீரோடையிலிருந்து தள்ளிப் போய், பயன்படுத்திய தாளையும் நாப்கினையும் மூடிய பையில் திரும்ப எடுத்து வர வேண்டும். பல ஹார்னஸ்களில் கால்பட்டைகளைப் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும் வார்களைக் கழற்ற முடியும். இடுப்புப் பட்டையையும் முடிச்சையும் அவிழ்க்காமலேயே காரியம் ஆகும். அதை எப்படிச் செய்வது என்று மன்றத்து மூத்த பெண்களிடம் தரையில் இருக்கும்போதே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

சனி இரவுப் பொதுச் சமையல் பெரும்பாலும் சைவமாகவே இருக்கும், அதுவும் பால் சேர்க்காததாக. எல்லாருக்கும் ஒரே அண்டாவில் சமைத்துவிடலாம், மலிவும்கூட. பீன்ஸ் மிளகாய்க் குழம்பு என்று ஒன்று வரும். மிளகாய் பெயரில் மட்டும்தான் இருக்கும். ஒரு டப்பா ஊறுகாயோ பூண்டுப் பொடியோ எடுத்துப் போனீர்கள் என்றால் உங்களைச் சுற்றி ஒரு கூட்டம் சேரும்.

பகல் சாப்பாடு உங்கள் பொறுப்பு. புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம் என்று தோன்றும். குளிரில் சோறு விறைத்து அரிசி அரிசியாக உதிரும், கையுறையோடு சாப்பிடவும் முடியாது. சப்பாத்திச் சுருள் நல்லது. எல்லாவற்றையும்விடக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு ஈடில்லை. எடை குறைவு, ஒரு கையால் கடிக்கலாம். கடையில் விற்கும் விலையுயர்ந்த சக்திப் பட்டைகளில் இருப்பதும் இதே வேர்க்கடலையும் இனிப்பும்தான்.

குடிக்காதவர்களை ஒதுக்கிவிடுவார்களா?

ஏறி முடித்ததும் மதுக்கூடத்துக்குப் போவது வழக்கம். எலுமிச்சைச் சோடாவோடு உட்கார்ந்திருக்கும் ஆங்கிலேயர்களும் அங்கே இருப்பார்கள், குறிப்பாக வேன் ஓட்டுகிறவர். ஆளுக்கொரு சுற்று வாங்கும் பழக்கத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றால், என்னுடையதை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான் ஒருவன்தான் இந்தியனாக இருப்பேனோ?

இருக்கலாம். இந்தப் பொழுதுபோக்கு அங்கே இன்னமும் வெள்ளையர்கள் நிறைந்ததுதான். வேறு மாதிரி சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. சிறுவயதிலிருந்து அப்பாவோடு மலையேறியவர்களின் பேச்சும், அவர்களுக்குள் மட்டும் புரியும் நகைச்சுவையும் முதல் சில வாரங்கள் அயர்ச்சி தரும். இதற்கு நான் கண்ட வழி வேலையில் இறங்குவதுதான். குடிலில் பாத்திரம் தேய்க்க முதலில் எழுந்திருங்கள், நனைந்த கயிறுகளைக் கிடங்கில் காயப்போட உதவுங்கள். பக்கத்தில் நின்று பாத்திரம் துடைக்கிறவர்தான் அடுத்த நாள் கயிற்றின் மறுமுனையில் இருப்பார். யாராவது இனம் சார்ந்து இழிவாகப் பேசினால் அதை நகைச்சுவை என்று விழுங்க வேண்டியதில்லை. மன்ற நிர்வாகக் குழுவிலோ மாணவர் சங்கத்திலோ புகார் சொல்லலாம்.

ஈஸ்டர் விடுமுறையில் ஸ்பெயின், கோடையில் ஆல்ப்ஸ் என்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் போக முடியுமா?

முடியும், ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் அப்படித்தான். பிரிட்டன் மாணவர் விசா அங்கே செல்லாது. நண்பர்கள் இரண்டு வாரத்துக்கு முன் மலிவு டிக்கெட் எடுத்துக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் பயண நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாளுக்கு முன் விண்ணப்பித்தாக வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. சிக்கல் கட்டணத்தில் இல்லை, நேர்காணல் நாள் கிடைப்பதில் இருக்கிறது. எனவே ஈஸ்டர் பயணம் எங்கே என்று நவம்பரிலேயே ஏற்பாட்டாளரை நச்சரியுங்கள். இந்தச் சங்கடம் மன்றத்தில் பலருக்குத் தெரியவே தெரியாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும். விசாவுக்கு வாங்கும் சாதாரணப் பயணக் காப்பீடு கயிறு கட்டி ஏறுவதை விலக்கியிருக்கலாம். மலையேற்றமும் மீட்பும் உள்ளடங்கியதாகப் பார்த்து வாங்குங்கள்.

மன்றத்தில் கற்றுக்கொண்டு ஏறும் சுவரில் சம்பளத்துக்குப் பயிற்சியாளராகச் சேர நினைப்பவர்கள், கையெழுத்துப் போடும் முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதியில்லை.

பனிக்காலத்தில் ஸ்காட்லாந்து போகலாமா?

பனிக்கோடரியும் காலில் கட்டும் பனிமுள்ளும் இல்லாமல், அவற்றைப் பயன்படுத்தக் கற்காமல் போகக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் சக மாணவரிடம் கற்பதைவிடத் தொழில்முறைப் பயிற்றுநரிடம் கற்பது நல்லது. ஸ்காட்லாந்தில் கிளென்மோர் லாட்ஜ் என்ற பயிற்சி மையத்தில் படிப்புகள் உண்டு. 18 முதல் 30 வயதுவரை உள்ளவர்களுக்கு ஜோனதன் கான்வில் நினைவு அறக்கட்டளை மானியக் கட்டணத்தில் குளிர்காலப் பயிற்சி நடத்துகிறது. இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு இதெல்லாம் என்ன ஆகும்?

பாறை ஏற பாதாமியும் ஹம்பியும் இருக்கின்றன. பாதாமியின் மணற்கல் சுவர்கள் கயிறு கட்டி ஏற, ஹம்பியின் உருண்டைப் பாறைகள் கயிறில்லாமல் தாழ்வாக ஏற. நடைக்குத் தமிழ்நாட்டில் வனத்துறையின் அனுமதி வேண்டும், பிரிட்டனில் இருந்ததுபோல நினைத்த மலையில் ஏறிவிட முடியாது. 2024 அக்டோபரில் மாநில அரசு 40 மலைப்பாதைகளை இணையவழிப் பதிவோடு திறந்தது, அங்கிருந்து தொடங்கலாம். இமயத்தில் ஏற நினைப்பவர்களுக்கு 1954இல் தொடங்கிய டார்ஜிலிங் பயிற்சி நிறுவனமும் 1965இல் தொடங்கிய உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனமும் அடிப்படைப் படிப்பு நடத்துகின்றன. ஏறக்குறைய நான்கு வாரம், முழு நேரம். வேலையில் சேர்ந்த பிறகு அவ்வளவு விடுப்பு கிடைப்பது கடினம் என்பதால், ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வேலைக்குச் சேரும் முன் உள்ள இடைவெளிக்கு விண்ணப்பியுங்கள். அதுவும் பிரிட்டனில் இருக்கும்போதே.